மரம் வெட்டக் கிரைண்டர் வாங்காதீர்கள்

மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை போடப் போகிறேன், என்னென்ன மெஷின் வாங்கலாம் என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். 18 வருடமாகப் பட்டறை நடத்துகிறேன், அதனால் கேட்கிறார்கள். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்? பிளைவுட்டில் புத்தக அலமாரியா, தேக்குச் சட்டத்தில் ஊஞ்சல் பலகையா? இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், விலையும் குறைவு, இரும்பும் வெட்டலாம், கல்லும் வெட்டலாம், பிளேடை மாற்றினால் மரமும் வெட்டலாம் என்று சொல்லி 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் ஒன்றை, அதாவது வட்டத் தட்டு சுற்றித் தேய்க்கிற கை மெஷினை, கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கிரைண்டரைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் ஒரு தம்பி இடது கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தார். கம்ப்யூட்டர் வேலை, மரவேலையில் ஆசை. கிரைண்டரில் பல் வைத்த மரம் வெட்டும் பிளேடைப் போட்டு, ஒரு கையில் ரீப்பரை (ஒல்லியான மரச் சட்டத்தை) பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெட்டியிருக்கிறார். பாதி வெட்டில் ரீப்பர் லேசாகத் திரும்ப, பிளேடு கவ்வி, மெஷின் துள்ளிக் கட்டைவிரலின் அடியில் ஏறிவிட்டது. நரம்பும் தசைநாரும் சேர்த்துத் தைத்தார்கள், இன்றைக்கும் அந்த விரல் முழுதாக மடங்காது. மெஷினை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிளேடை மூடும் இரும்புக் கார்டும், பக்கவாட்டில் திருகிப் பிடிக்கிற கைப்பிடியும் பாலிதீன் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தன. பக்கத்தில் இருந்த கையேட்டையும் அவர் விரித்ததில்லை. பல் வைத்த ரம்ப பிளேடைக் கிரைண்டரில் மாட்டாதே, மெஷின் உதைக்கும் என்று அதில் எச்சரிக்கை இருந்தது. அநேகமாக எல்லாக் கிரைண்டர் கையேட்டிலும் இந்த வரி இருக்கும், உங்களிடம் ஒன்று இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

ஏன் உதைக்கிறது? கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுற்றுவது. தேய்க்கும் கல்லுக்காகச் செய்யப்பட்டது, கல்லுக்குப் பல் கிடையாது, மெல்லத் தேய்த்துக்கொண்டே போகும். மரத்துக்கோ நார் உண்டு, கணு உண்டு, வெட்டிய இடைவெளி மூடிக்கொள்ளும் குணமும் உண்டு. பல் அதில் சிக்கினால் அவ்வளவு வேகமும் மெஷினைத் தூக்கி எறியும். தாங்கிப் பிடிக்க அடியில் தட்டு கிடையாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிறையக் கிரைண்டர்களில் சுவிட்சைத் தள்ளினால், கையை எடுத்தாலும் அது ஆன் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். கரண்ட் போன நேரம் சுவிட்சை அணைக்க மறந்து கீழே வைத்துவிட்டால், கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். கரண்ட் போனதும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், எந்த மெஷினாக இருந்தாலும்.

மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு ஆசாரிகள் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கை பழகிய கை, ஆனாலும் அது கல்லுக்கான மெஷின்தான், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போகும், வெட்டி முடித்த பிறகும் பிளேடு திறந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, என்ன வாங்குவது? மரம் வெட்ட 7 அங்குல சர்குலர் சா, அதாவது கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்ப மெஷின். சுமார் 5,000 சுற்று, அகலமான அடித்தட்டு, பலகையை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொள்ளும் கீழ்க் கார்டு. கடையில் அந்தக் கார்டை விரலால் திறந்து விடுங்கள், டக்கென்று மூட வேண்டும், இழுத்துக்கொண்டு நின்றால் வேறு மெஷின் கேளுங்கள். அதைக் கயிறு போட்டுத் திறந்தே கட்டிவைக்கிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, அந்தப் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளாதீர்கள்.

8 அடிக்கு 4 அடி பிளைவுட், 18 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 30 கிலோவுக்கு மேல் வரும், தனியாளாக அதைத் தாங்கிக்கொண்டே வெட்ட முடியாது. தரையில் தடித்த தெர்மாகோல் விரித்து அதன் மேல் பிளைவுட்டைப் போட்டு, பிளேடின் பல் பலகைக்குக் கீழே கொஞ்சமே தெரியும்படி ஆழம் வைத்து வெட்டுங்கள், இரண்டு துண்டும் விழாமல் கிடக்கும், பிளேடும் மாட்டாது. பல் கீழிருந்து மேலே வெட்டுவதால் நல்ல முகத்தைக் கீழே போடுங்கள், சில்லு தெறித்தாலும் பின்பக்கத்தோடு போகும். மெஷின் கோணாமல் நேராக ஓட ஒரு அலுமினியச் சட்டமும் இரண்டு கிளாம்ப்பும் போதும். இதுவும் பயமாக இருந்தால் பிளைவுட் கடையிலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், வெட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சர்குலர் சாவுக்கு முன்னாலேயே டிரில் வேண்டும், அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகம் கூட்டிக் குறைக்க முடிகிற 10 மில்லிமீட்டர் டிரில் போதும். ஸ்க்ரூ நிறைய முடுக்குவீர்கள் என்றால் பேட்டரி டிரில். பேட்டரி மெஷின் எடுக்கும்போது மட்டும் யோசித்து எடுங்கள், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் மாட்டாது, முதல் டிரில்லோடு அடுத்த ஐந்து மெஷினின் கம்பெனியையும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள். உங்கள் ஊரில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டரும் மோட்டாருக்குள் தேய்ந்து மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ்ஷும் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மூன்றாவதாக 5 அங்குல ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், உப்புத்தாள் போட்டு மரத்தை வழவழப்பாக்கும் மெஷின். 80, 120, 180 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து மிருதுவுக்குத் தாளை மாற்றித் தேய்த்தால் பாலிஷ் நன்றாக ஏறும். ஓரம் உருட்டவும் காடி எடுக்கவும் டிரிம்மர், அதை நான்காவது மாதம் வாங்கினால் போதும். வளைவு வெட்டும் வேலை வந்தால் ஜிக்சா. எலெக்ட்ரிக் பிளானரை விட நல்ல இழைப்புளி ஒன்றைத் தீட்டிப் பழகுவது முதலில் நடக்கட்டும், அது மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்குச் சொல்லிக்கொடுக்கும். மேசைக்கு மேலே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சா இப்போது வேண்டாம். பிறகு வாங்கும்போதும் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்கிற தகடு இல்லாத டேபிள் சாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெட்டிய இடைவெளி மூடிப் பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அந்தத் தகடுதான், அது இல்லாமல் பலகை நெஞ்சுக்கு நேராகத் திரும்பி வரும்.

அப்புறம், மரத்தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வருகிற புற்று அது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது வருகிற மாவு போன்ற தூள், கைக்குட்டை கட்டினாலும் உள்ளே போகும். என்95 முகக்கவசம் போடுங்கள், கண்ணாடியும் காதடைப்பானும் போடுங்கள், ஆனால் பிளேடு சுற்றும் மெஷினில் துணிக் கையுறை மட்டும் வேண்டாம், நூல் சிக்கினால் விரலோடு இழுக்கும். லுங்கி, துப்பட்டா, தொளதொளச் சட்டைக்கை, மோதிரம் எல்லாம் அப்படியேதான்.

வயரிங்கையும் பாருங்கள். வீட்டில் இருக்கிற சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும், சர்குலர் சா பல 1,400 வாட். 16 ஆம்பியர் பாயிண்ட்டில் இருந்து கனமான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஓட்டுங்கள், மெல்லிய வயர் சூடாகும், மோட்டாரும் கெடும். மெயின் போர்டில் கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். டப்பென்று விழுந்தால் மெஷினை எடுக்கலாம். விழவில்லை என்றால் மெஷின் பெட்டியிலேயே இருக்கட்டும், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.