ஓட்டிப் பார்க்காதீர்கள், முதலில் முகர்ந்து பாருங்கள்

பழைய ஃபிலிம் ரீல் ஒன்று கையில் கிடைத்ததும் நம் ஆட்கள் செய்வது, எங்காவது ஒரு புரொஜெக்டரைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்ப்பது. அதன் பிறகுதான் என் ஸ்கேனிங் மேசைக்கு வரும், ஓரத்துளைகள் வரிசையாகக் கிழிந்து.

டப்பாவை வைத்து உள்ளிருப்பதை முடிவு செய்யவும் கூடாது. 2009-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், பழம்பொருள் விற்பனை ஒன்றில் திரைப்பட வரலாற்றாளர் பால் கியெருக்கி 16 மி.மீ. அகல ஃபிலிம் பிரிண்ட் ஒன்றை வாங்கினார். கீஸ்டோன் கம்பெனியின் இன்னொரு சிரிப்புப் படம் என்று நினைத்து, உடனே பார்க்கக்கூட இல்லை. பிறகு பார்த்தால், தொலைந்ததாகக் கருதப்பட்ட 'எ தீஃப் கேட்சர்', 1914. திருட்டுக் கும்பலிடம் மாட்டி முழிக்கும் நடிகர் ஃபோர்டு ஸ்டெர்லிங். நடுவே போலீஸ் உடுப்பில் நுழைகிறார் சார்லி சாப்ளின், அதே மீசையோடு!

சாப்ளின் வருவது சில நிமிடங்கள்தான். படமும், என்னைக் கேட்டால், சுமார்தான். சேகரிப்பவர்களுக்கு அது பொருட்டா என்ன? அவர் கீஸ்டோனில் நடித்தவை 35 என்றிருந்த கணக்கே 36 ஆகிவிட்டதே.

அந்தப் பிரதி 16 மி.மீ. ஆக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்த அளவு 1923-இல் வந்தபோதே எளிதில் தீப்பற்றாத ஃபிலிமில்தான் வந்தது. அன்றைய 35 மி.மீ. பெரும்பாலும் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் ஃபிலிம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும், எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால். கெட்டுப்போகும்போது படம் வெளிறி, பிசுபிசுத்து, நுரைத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். 1950-க்கு முந்தைய 35 மி.மீ. ரீல் கிடைத்தால் பரணில் போட்டு வைக்காதீர்கள், பிரித்தும் பார்க்காதீர்கள். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் கேளுங்கள்.

16 மி.மீ. மட்டும் சாகாவரம் வாங்கி வந்ததா? டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறினால் அழுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நல்ல ரீல்களிலிருந்து உடனே தள்ளி வையுங்கள், அந்த ஆவி அவற்றையும் கெடுக்கும். அழுகும் ஃபிலிம் சுருங்கிவிடும்; இப்படிச் சுருங்கிய ஃபிலிமைத்தான் புரொஜெக்டரின் பற்கள் கிழிக்கின்றன.

வயதைச் சொல்ல கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு பெரியவர் 16 மி.மீ. ரீலில் ஒற்றை வட்டத்தைக் காட்டி, "1916, தம்பி" என்று அடித்துச் சொன்னார். அப்போது இந்த அளவே கிடையாது ஐயா என்றேன். "சரி, 1936" என்றார், விடாமல். 1956-க்கும் அதே வட்டம்தான். ஸ்கேன் செய்தோம். உள்ளே ஒரு கல்யாண வீடு, பந்தி நடந்துகொண்டிருந்தது.