பதினோரு இயக்குநர்களா? ‘சகுகா கந்தோக்கு’ என்ற சொல்

ஜப்பானிய அனிமே (அசைவூட்டப் பட) தொடர் ஒன்றின் 24 நிமிட அத்தியாயத்தின் முடிவில் ஓடிய தமிழ்ப் பெயர்ப்பட்டியலில் ‘ஓவிய இயக்குநர்’ என்று போட்டு, அதன் கீழே பதினோரு பெயர்கள். “ஒரு கதைக்கு இத்தனை இயக்குநரா, மாமா?” என்றாள் அக்காள் மகள். ஜப்பானிய மூலத்தில் இருப்பது ‘சகுகா கந்தோக்கு’. அதற்கு இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது முதல் முறையும் அல்ல.

‘சகுகா’ என்றால் படம் வரைதல். ‘கந்தோக்கு’ என்றால் மேற்பார்ப்பவர். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி, பேஸ்பால் அணியின் மேலாளர், சினிமா இயக்குநர் என எல்லோரும் அந்த மொழியில் கந்தோக்குதான். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கி ‘சக்கன்’ என்பார்கள். சொற்பிறப்பு இவ்வளவே.

இவர் செய்யும் வேலை என்ன? அசைவின் முக்கிய நிலைகளை வரையும் ‘கெங்கா’ ஓவியர்கள் பலர். ஒருவர் வரைந்த நாயகிக்குத் தாடை அகலம், இன்னொருவர் வரைந்தவளுக்குக் கண்கள் சற்றுத் தள்ளி. சக்கன் அந்தப் படத்தின் மேல் மெல்லிய வண்ணத்தாளை, பெரும்பாலும் மஞ்சளை, வைத்து அந்தப் பாத்திரத்தின் மாதிரிப் படத்தைப் பார்த்துத் திரும்ப வரைவார். சில தாள்களில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டுமே இருக்கும். மற்றதெல்லாம் கீழே இருப்பவர் வரைந்தபடியே போகும். தோயெய் டோகா நிறுவனம் 1963இல் வெளியிட்ட முழுநீளப் படம் ஒன்றில் மோரி யாசுஜி ‘கெங்கா கந்தோக்கு’ என்ற பெயரில் இதைச் செய்தார். முறை அங்கே வேர்பிடித்தது. முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைபவராகச் சேர்ந்து, கெங்காவுக்கு உயர்ந்து, பிறகு சக்கன் ஆவதுதான் இத்தொழிலில் வழக்கமான ஏற்றம்.

இப்போது ‘ஓவிய இயக்குநர்’ என்பதற்கு வருவோம். 1988இல் வந்த டொட்டோரோ படத்தை இயக்கியவர் மியாசாகி ஹயாவோ. அந்த மரங்களையும் வயல்களையும் கொண்ட பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பு ஓகா கசுவோ. அவர் ‘பிஜுத்சு கந்தோக்கு’, நம் சினிமாவில் நெடுநாளாகப் புழங்கும் ‘கலை இயக்குநர்’. பாத்திரங்களின் படங்களைத் திருத்தியவர் சாதோ யோஷிஹாரு. அவரை ‘ஓவிய இயக்குநர்’ என்றால், படிப்பவர் ஓகா தீட்டிய மரங்களை அவர் கணக்கில் எழுதிவிடுவார். ஆங்கிலப் பட்டியலில் உள்ள ‘அனிமேஷன் டைரக்டர்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து, வேலை என்ன என்று கேட்காமல் மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

தூய தமிழ் அன்பர்கள் ‘அசைவூட்டப் பணிப்பாளர்’ என்கிறார்கள். சொல் தூய்மைதான், பொருள்தான் இல்லை. சக்கன் அசைவை ஊட்டுவதும் இல்லை, யாரையும் பணிப்பதும் இல்லை. தானே பென்சிலைப் பிடிக்கிறார். இலங்கைத் தமிழில் பணிப்பாளர் என்றால் திணைக்களத்துக்குத் தலைவர் வேறு. ‘கண்காணி’ கந்தோக்குக்கு நேர்ச்சொல். ஆனால் அது ‘கங்காணி’யாகி மலையகத் தோட்டங்களில் சம்பாதித்த பெயரை நாம் மறக்க முடியாது. ‘வரைவுக் கண்காணிப்பாளர்’ என்றாலோ காவல்துறைப் பதவி போலிருக்கிறது. ‘வரைவுத் திருத்துநர்’ என்று முதலில் நானே எழுதிப் பார்த்தேன். சட்டத்துறையில் மசோதாவைத் திருத்துபவர் வந்து நின்றார். ‘படத்திருத்துநர்’ என்றால் படத்தொகுப்பாளரோடு குழப்பம்.

எனவே ‘சித்திரத் திருத்துநர்’. சித்திரம் வடசொல் என்று ஒரு கடிதம் வரும், வரட்டும். தமிழில் இத்தனை நூற்றாண்டு குடியிருந்த சொல்லை வெளியேற்றிவிட்டு, யாருக்கும் விளங்காத ஒன்றைக் குடிவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இவர்களுக்கும் மேலே ஒருவர் இருந்தால் ‘தலைமைச் சித்திரத் திருத்துநர்’. இயக்குநர் என்ற பெயர் இயக்குபவருக்கே இருக்கட்டும்.

அக்காள் மகளிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பதினோரு பேர் திருத்தியுமா அந்தப் பையனுக்கு முகம் கோணலாக இருக்கிறது?” என்றாள்.