சத்துணவு போடாத நாளுக்கு அரிசியும் பணமும் உண்டு

பள்ளி நடந்த நாளில் சத்துணவு போடவில்லை என்றால், அன்றைய அரிசியும் சமையல் செலவும் பிள்ளைக்குச் சேர வேண்டும். இதற்கு உணவுப் பாதுகாப்புப் படி என்று பெயர். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2015 மதிய உணவு விதிகளிலும் இருக்கிறது. அரிசி வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, சமையலர் வரவில்லை என எந்தக் காரணம் சொன்னாலும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும்.

1 முதல் 5-ஆம் வகுப்பு வரை நாளுக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8 வரை 150 கிராம். ஐந்து நாள் அடுப்பு எரியவில்லை என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 750 கிராம் அரிசியும் ஐந்து நாள் செலவும் வரவேண்டும். வீட்டில் டிபன் கட்டித் தருகிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. விடியுமுன் கூலிக்குக் கிளம்பும் வீட்டுப் பிள்ளைக்கு அன்று மதியம் பட்டினி.

மாட்டிக்கொள்ளும் இடங்களைக் கவனியுங்கள். சமைத்த சாப்பாட்டைப் பிள்ளை சாப்பிடாமல் விட்டால் படி கேட்க முடியாது. சாப்பாடு தரமில்லை என்று சொல்லியும் கேட்க முடியாது; அது தனிப் புகார். 9, 10 வகுப்புக்குத் தமிழ்நாடு அரசு சத்துணவு போடுகிறது, ஆனால் இந்தப் படி எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். காலை உணவுத் திட்டத்துக்கும் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைக்குச் சத்துணவே கிடையாது. பள்ளியின் சத்துணவு உண்போர் பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று ஜூனிலேயே கேளுங்கள். இலவசச் சீருடையும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வரும்.

பெரிய ஆபத்து பதிவேடு. சமைக்காத நாளிலும் "உண்டோர்" எண்ணிக்கை எழுதப்பட்டால் உங்கள் கோரிக்கை செத்தது. அதனால் அன்றைக்கே தேதி போட்டுத் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இருப்பு தீர்ந்தால் பள்ளியின் வேறு நிதியில் சமைக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அதில் எழுதுங்கள்.

தலைமை ஆசிரியர் சத்துணவு அமைப்பாளரைக் காட்டுவார், அமைப்பாளர் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டுவார், கல்வி அலுவலகம் "இது சமூக நலத்துறை" என்று கைகழுவும். அலையாதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) பெயருக்கு மனு கொடுத்து எண் வாங்குங்கள். தொடர்ந்து மூன்று பள்ளி நாளோ மாதத்தில் ஐந்து நாளோ போடவில்லை என்றால், யார் பொறுப்பு என்று அரசு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அந்த வரியை மனுவில் சேருங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்தத் தேதிகளின் உண்டோர் பதிவேடும் அரிசி இருப்புப் பதிவேடும் நகல் கேளுங்கள்.