ஐந்தாம் தேதிக்கு முன்னால்: பிபிஎஃப் கணக்கை நடத்தும் விதம்

சம்பளம் கணக்கில் விழுந்ததும் வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம், மளிகைப் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் சேமிக்கலாம் என்று காத்திருப்பவருக்கு மிச்சம் என்று ஒன்று இருப்பதே இல்லை. சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் குடும்பம் நடத்த வேண்டும். இது தெரியாதவர் யாரும் இல்லை. எடுத்து வைத்த பணத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்கு அரசாங்கமே ஒரு பூட்டு போட்டுத் தருகிறது. அதுதான் பொது வருங்கால வைப்பு நிதி. எல்லோரும் சொல்வது பிபிஎஃப்.

1968-ல் தொடங்கிய திட்டம் இது. சம்பளக்காரருக்கு நிறுவனம் பிடித்துக் கட்டும் வருங்கால வைப்பு நிதி வேறு, இது வேறு. கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தையல் வேலை செய்பவர், வீட்டில் இருப்பவர் என இந்தியாவில் வசிக்கும் யாரும் இதைத் திறக்கலாம். இப்போது நடப்பில் உள்ளவை 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள். அஞ்சலகங்களிலும், அரசு வங்கிகளிலும், சில தனியார் வங்கிகளிலும் கணக்கு தொடங்கலாம். எங்கே தொடங்கினாலும் வட்டி ஒன்றுதான். பணத்துக்குப் பொறுப்பு மத்திய அரசு.

ஒருவர் பெயரில் ஒரு கணக்குதான். கூட்டுக் கணக்கு கிடையாது. பிள்ளை பெயரில் பெற்றோரில் ஒருவர் தொடங்கலாம். ஆனால் உங்கள் கணக்கிலும் பிள்ளையின் கணக்கிலும் நீங்கள் போடுவது இரண்டும் சேர்ந்து உச்ச வரம்புக்குள் அடங்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகத் திறக்க முடியாது.

ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் போடலாம். மொத்தமாகவும் போடலாம், கையில் வரும்போது 50 ரூபாயின் மடங்குகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். மாத வருமானம் நிலையாக இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி. நல்ல மாதத்தில் ஐயாயிரம் போட்டு, மந்தமான மாதத்தில் ஒன்றுமே போடாமல் விட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வட்டி விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அமைச்சகம் அறிவிக்கும். ஒரு காலத்தில், 1986 முதல் 2000 தொடக்கம் வரை, 12 சதவீதம் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். 2020 ஏப்ரலில் 7.1 ஆக இறங்கி, அதன்பின் காலாண்டுக்குக் காலாண்டு அதே இடத்தில் நின்றுவருகிறது. கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த 7.1 அப்படியே தொடரும் என்று வைத்துப் போட்டதுதான். விகிதம் மாறினால் தொகையும் மாறும்.

சரி, தலைப்பில் சொன்ன ஐந்தாம் தேதிக்கு வருவோம். இந்தத் திட்டத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், நானும் விட்டவன்தான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடியும்போதும் மாதக் கடைசியிலும் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இடையில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி பூஜ்யம். வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும் மார்ச் 31-ல்தான் மொத்தமாக வரவு வைக்கப்படும்.

என் கணக்குக்கு மாதம் 5,000 ரூபாய் தானாகவே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்திருந்தேன். தேதி ஏழு. வீட்டுக் கடன் தவணை ஐந்தாம் தேதி போய்விடும், அதற்கப்புறம் இது போகட்டும் என்று நானே யோசித்து வைத்த ஏற்பாடு அது. நான்கு வருடம் கழித்து ஒருநாள் பாஸ்புக்கில் வட்டியைக் கூட்டிப் பார்த்தேன், கணக்கு உதைத்தது. ஐந்தாம் தேதிக்குள் போட்டிருந்தால் ஆண்டுக்கு 2,307 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 1,952 ரூபாய் வந்திருந்தது. அந்த வருடம் புதிதாகப் போட்ட பணத்துக்கு மட்டும் இது. வித்தியாசம் 355 ரூபாய்தானே என்று விடலாம்தான். பதினைந்து வருடம் வட்டிக்கு வட்டி ஏறினால் அது 9,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டு நாள் தாமதத்துக்கு ஒன்பதாயிரம்! மறுநாளே தேதியை இரண்டுக்கு மாற்றினேன். காசோலையாகக் கொடுப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அஞ்சலகத்தில் காசோலை பணமாகி வரவாகும் நாள்தான் கணக்கு, நீங்கள் கொடுத்த நாள் அல்ல.

ஆண்டுக்கு ஒரே தடவையாகப் போடுபவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் பெரியது. 1.5 லட்சத்தை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5-க்குள் போட்டால் 15 ஆண்டு முடிவில் சுமார் 40.68 லட்சம் கிடைக்கும். அதே பணத்தை, வரிக் கணக்கு ஞாபகம் வந்து மார்ச் கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டால் சுமார் 37.98 லட்சம். போட்டது இரண்டு பேரும் 22.5 லட்சம்தான். வித்தியாசம் 2.7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கூடுதலாக ஒரு ரூபாய் போடாமல், போடும் மாதத்தை மாற்றுவதால் மட்டும் வருவது இது.

முதிர்வுக் காலம் 15 ஆண்டு என்பார்கள். கணக்கு திறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. திறந்த நிதியாண்டு முடிந்த பிறகு 15 ஆண்டு. 2025 ஜூனில் திறந்தாலும் 2026 மார்ச்சில் திறந்தாலும் எண்ணிக்கை 2026 மார்ச் 31-ல்தான் தொடங்கும். 2041 ஏப்ரலில் முதிரும்.

"பதினைந்து வருஷம் பணத்தைத் தொடவே முடியாதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். தொடலாம், ஆனால் சுலபமாகத் தொட முடியாது. மூன்றாம் நிதியாண்டு முதல் ஆறாம் நிதியாண்டு வரை கணக்கின் பேரில் கடன் எடுக்கலாம். இரண்டு ஆண்டுக்கு முந்தைய இருப்பில் 25 சதவீதம் கிடைக்கும். 36 மாதத்துக்குள் திருப்பிக் கட்டினால் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 1 சதவீதம்தான், தவறினால் 6 சதவீதம். எடுத்த பணத்துக்கு அதுவரை பிபிஎஃப் வட்டி ஓடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். அப்படிப் பார்த்தாலும் நகைக் கடனையோ தனிநபர் கடனையோவிட இது மலிவாகவே முடியும்.

ஏழாம் நிதியாண்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுக்கலாம். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாதி எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு இன்றைய இருப்பில் பாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான்காவது முந்தைய ஆண்டு முடிவில் இருந்த தொகை, போன ஆண்டு முடிவில் இருந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதில் பாதிதான் கிடைக்கும். 2020-21 முதல் ஏப்ரல்தோறும் ஒரு லட்சம் போட்டு வந்தவரின் கணக்கில் 2026 மார்ச் 31-ல் ஏறக்குறைய 7.68 லட்சம் இருக்கும். 2026-27-ல் அவர் எடுக்கக்கூடியது 3.84 லட்சம் அல்ல. 2023 மார்ச் 31-ல் இருந்த 3.45 லட்சத்தில் பாதி, அதாவது 1.72 லட்சம். கல்யாணச் செலவுக்கு இதை நம்பி நாள் குறிப்பவர்கள் இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கணக்கையே முன்கூட்டி மூடவும் வழி உண்டு. ஐந்தாண்டு முடிந்திருக்க வேண்டும்; உயிருக்கு ஆபத்தான நோய்க்குச் சிகிச்சை, மேற்படிப்பு, வெளிநாட்டில் குடியேறுவது போன்ற காரணமும் வேண்டும். தொடக்கத்திலிருந்தே வட்டியில் 1 சதவீதம் குறைத்துக் கொடுப்பார்கள். ஆக, திடீர்ச் செலவுக்கு இந்தக் கணக்கை நம்பியிருக்கக் கூடாது. நாலைந்து மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ தனியாக வைத்த பிறகே இங்கே பணத்தைக் கொண்டுவருவது நல்லது. முதலில் இதைத் திறந்துவிட்டு, அவசரத்துக்கு வெளியே கைமாற்று வாங்கி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏதோ ஒரு வருடம் 500 ரூபாய் கூடப் போடவில்லையென்றால் கணக்கு செயலிழந்துவிடும். உள்ளே இருக்கும் பணத்துக்கு வட்டி தொடர்ந்து வரும், ஆனால் கடனும் எடுக்க முடியாது, பகுதிப் பணமும் எடுக்க முடியாது. விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டினால், முதிர்வுக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் உயிர் கொடுக்கலாம்.

வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வருமான வரி கிடையாது, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தாலும் புதிய முறையில் இருந்தாலும். போடும் பணத்துக்கு வரிக் கழிவு பழைய முறையில் மட்டும்தான். புதிய முறைக்கு மாறிய பலர் "இனி இதில் என்ன லாபம்" என்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு வரியில்லாத 7.1 என்பது, வரி பிடிக்கப்படும் வங்கி வைப்பில் 10 சதவீதத்துக்கும் மேல் வாங்குவதற்குச் சமம். வரி வரம்புக்குள்ளேயே வராதவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவருக்குக் கிடைப்பது அரசின் உத்தரவாதமும் அந்தப் பூட்டும்தான். கடன்காரர் வழக்குப் போட்டாலும் நீதிமன்றம் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்பது சிறு தொழில் செய்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். விலைவாசி வேகமாக ஏறும் ஆண்டுகளில் மட்டும் 7.1-ல் கையில் நிற்பது கொஞ்சம்தான். எல்லாப் பணத்தையும் இங்கேயே போடச் சொல்லமாட்டேன்.

பதினைந்து ஆண்டு முடிந்ததும் மூன்று வழி இருக்கிறது. மூடிவிட்டு மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளலாம். புதிதாக எதுவும் போடாமல் அப்படியே விட்டு வைக்கலாம். வட்டி வரும், வருடத்துக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுக்கலாம். இல்லையென்றால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துத் தொடர்ந்து போடலாம். இப்படி நீட்டிக்கும்போது, அந்த ஐந்தாண்டு தொடங்கும் நாளில் இருந்த தொகையில் 60 சதவீதம் வரை எடுக்கலாம். முன்னே சொன்ன 40.68 லட்சக்காரர் இரண்டு முறை நீட்டித்து 25 ஆண்டு வரை அதேபோல் போட்டு வந்தால் தொகை 1.03 கோடியாகிறது. முதல் பதினைந்து ஆண்டில் சேர்ந்ததைவிடக் கடைசிப் பத்து ஆண்டில் சேர்வதுதான் அதிகம். ஆனால் ஒன்று: தொடர்ந்து போடுவதாக இருந்தால் முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் படிவம் 4 கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் பணம் மட்டும் போட்டுக்கொண்டே போனால் அதற்கு வட்டி கிடைக்காது.

பாஸ்புக்கை எடுத்தால் நாமினி பெயரையும் ஒருமுறை பாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்குகளில் அப்பா பெயரோ அம்மா பெயரோ அப்படியே நிற்கும்; அவர்கள் காலமாகியும் இருப்பார்கள். கணக்குதாரர் இறந்துவிட்டால் நாமினியோ வாரிசோ பணத்தை வாங்கலாமே தவிர, கணக்கைத் தொடர முடியாது. நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். பெயரை மாற்ற முன்பு வாங்கிய 50 ரூபாய்க் கட்டணமும் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது.