அது சார்ஜர் இல்லை, ஐயா!

சென்ற வாரம் பட்டர்வொர்த்திலிருந்து வந்த பெரியவர் மருத்துவமனையில் என் மேசைமீது ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே, இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை நெஞ்சில் வைத்தபோது கட்டிலருகே வைக்கச் சொல்லிக் கொடுத்த பெட்டி. வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். "சார்ஜ் ஏறிவிட்டது தம்பி. மூன்று மாதமாகக் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். கரண்டு பில் ஏறுகிறதே!" இந்த ஆண்டு இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர்.

எத்தனை முறைதான் சொல்வது! அந்தப் பெட்டி உங்கள் நெஞ்சுக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. பேஸ்மேக்கரில் இருப்பது சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் பேட்டரி. தீர்ந்தால் தோலைத் திறந்து கருவியையே மாற்ற வேண்டும். கைப்பேசிக்கு வயரில்லாமல் சார்ஜ் ஏறும் காலத்தில் இந்த எண்ணம் வருவது புரிகிறது. 1958இல் ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் பொருத்திய பேஸ்மேக்கருக்கே வெளியிலிருந்துதான் சார்ஜ் ஏற்றினார்கள். முதுகுவலிக்குப் பொருத்தும் சில கருவிகளுக்கு இன்றும் அப்படித்தான். காது கேளாதவர்களுக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியின் உட்பகுதியில் பேட்டரியே கிடையாது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சுருள்தான் தோல்வழியே மின்சாரம் தருகிறது. உங்களுடையது அந்த வகை இல்லை, ஐயா. இல்லவே இல்லை.

பெட்டியின் வேலை செய்தி வாங்குவது. நீங்கள் உறங்கும்போது, பேட்டரி எவ்வளவு மிச்சம், கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர் சரியாக இருக்கிறதா, இதயம் தாறுமாறாகத் துடித்ததா என்று கேட்டு எங்களுக்கு அனுப்பும். 'என்னை மாற்றுங்கள்' என்று கருவி அறிவித்தபின் பொதுவாக மூன்று மாத அவகாசம்தான் கிடைக்கும். பெரியவரின் கருவி ஏழு வாரங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டது. கேட்க வேண்டிய பெட்டி அலமாரியில்.

போதாக்குறைக்குச் சட்டைப் பையில், பேஸ்மேக்கருக்கு நேர் மேலே, காந்த வளையம் வைத்த புதிய கைப்பேசி. மகன் வாங்கித் தந்ததாம். காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பார்க்காமல் ஒரே வேகத்தில் தட்டத் தொடங்கும். அதிர்ச்சி கொடுத்து உயிர் காக்கும் ஐசிடி கருவியோ, கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காமல் போகலாம். கைப்பேசியை 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். வயரில்லாமல் சார்ஜ் ஆகும்போது 30. சட்டைப் பை வேண்டவே வேண்டாம்.

பெட்டி கட்டிலிலிருந்து இரண்டு மீட்டருக்குள், எந்நேரமும் பிளக்கில் இருக்கட்டும். அது தின்னும் கரண்டு மிகச் சொற்பம். தீபாவளிக்குக் கிள்ளானில் மகள் வீட்டில் பத்து நாள் தங்குவதென்றால், முறுக்கு டின்னோடு அதையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா.