அடிக்காத அடிக்கு ஆடும் கால்

"பாடகர் கிடையாது, பாட்டு வரியும் கிடையாது. ஆனாலும் ஃபங்க் இசை கேட்டால் கால் ஏன் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆட்ட இசையான ஃபங்கில் பேர்போன மீட்டர்ஸ் குழுவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

1960-களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சேர்ந்த நால்வர் அவர்கள். ஆர்ட் நெவில் ஆர்கன், லியோ நொசென்டெல்லி கிடார், ஜார்ஜ் போர்ட்டர் பேஸ் கிடார், ஜிகபூ மோடலிஸ்ட் டிரம்ஸ். கிளப்பில் ஆட வந்த கூட்டத்துக்கு இரவிரவாக வாசித்துக் கை பழகியவர்கள். 1969-இல் வந்த அவர்களது 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' மூன்றே நிமிடம். கிடாரும் பேஸும் ஒரே மெட்டை ஒட்டிக்கொண்டு வாசிக்கும். டிரம்ஸோ நாம் காத்திருக்கும் இடத்தில் விழாமல், கொஞ்சம் தள்ளி விழும். நம்மூர்க் கச்சேரியில் தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பு ஞாபகம் வருகிறதா? கிட்டத்தட்ட அந்தக் குறும்புதான், ஆனால் விடாமல் நடக்கும்.

சரி, கால் எங்கே வருகிறது? சீராகத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் 'டிக்'குக்கு ஏற்ப மேசையைத் தட்டச் சொன்னால், பெரும்பாலோரின் விரல் டிக்குக்குச் சில பத்து மில்லிசெகண்ட் முன்பே விழுந்துவிடும். சத்தத்தைக் கேட்ட பிறகு தட்டுவதாக இருந்தால் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் பிந்த வேண்டும். அதாவது மூளை அடுத்த அடியை முன்கூட்டியே போட்டு வைத்துக் காத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வேலையில் மூளையின் கேட்கும் பகுதிகளோடு, உடலை அசைக்கும் பகுதிகளும், மூளையின் ஆழத்தில் அசைவைச் சீராக்க உதவும் பேசல் கேங்லியாவும் சேர்ந்துகொள்கின்றன. ஆடாமல் அசையாமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டாலும் அவை விழித்துக்கொள்வதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது டிரம்மர் அந்த அடியைப் போடாமல் விடுகிறார். மூளை எதிர்பார்த்தது வரவில்லை. அசைவுக்கான ஏற்பாடோ ஏற்கெனவே தயார். நால்வர் விட்ட அடியை ஐந்தாவது ஆளாக உங்கள் கால் போட்டுவிடுகிறது!

அதற்காக எல்லா அடியையும் தள்ளிப் போட்டால் வேலைக்கு ஆகாது. இசை ஆய்வாளர் மரியா விடெக்கும் சகாக்களும் 50 டிரம்ஸ் துணுக்குகளைப் பலருக்குப் போட்டுக்காட்டி 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாம் நேராக விழுந்தால் சலிப்பு; ஒரேயடியாகத் தள்ளினால் குழப்பம். நடுத்தரமாகத் தள்ளியவைதான் ஆடத் தூண்டின.

நேரில் கேட்டால் இன்னொன்றும் சேரும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்னணு இசைக் கச்சேரியின்போது, காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டு அணைத்தார்கள். அவை ஓடியபோது கூட்டம் சுமார் 12 சதவீதம் அதிகமாக ஆடியது. 2022-இல் வந்த ஆய்வு இது.

'ஆட்டம் பாட்டத்துக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?' என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பார்க்கின்சன் நோயில் பழுதாவது அதே பேசல் கேங்லியாதான். நடக்கத் தடுமாறும் நோயாளிகள் பலர், சீரான தாளம் ஒன்றைக் காதில் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு எட்டு வைக்கிறார்கள்.