முதல் வாரம் முழுக்க ஸ்வாட்ச்: ஃபிளாட் நிட்டிங் கற்க வருபவர்களுக்கு

திருப்பூரில் பின்னலாடை வேலை பார்த்துக்கொண்டே, குறுகிய காலத் தீவிரப் பயிற்சி வகுப்புகளில் ஃபிளாட் நிட்டிங் (நேர்வரிசையில் இருக்கும் ஊசிகளில் உடுப்பின் பாகங்களை வடிவத்தோடு பின்னுவது) சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் மெர்ச்சண்டைசர்கள் (கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்), ஃபேஷன் படிப்பு முடித்தவர்கள், வீட்டில் சிறுதொழில் தொடங்க நினைக்கும் பெண்கள். பெரும்பாலும் எல்லோரும் ஒரே ஆசையோடு வருகிறார்கள்: பயிற்சி முடியும்போது கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்க வேண்டும், இன்ஸ்டாகிராமில் போட ஒரு படம் வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் பயிற்சியின் பலனைக் கெடுப்பதும் இந்த ஆசைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிட்டிங் என்றால் வட்ட மெஷின். 30 டயா (30 அங்குல விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷின் ஒன்றில் 2,200க்கும் மேற்பட்ட ஊசிகள் இருக்கும். 90 ஃபீடர் (ஊசிக்கு நூல் ஊட்டும் இடம்) வைத்து நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் 2,250 வரிசை துணி இறங்கிவிடும். கண்ணால் பின்தொடர முடியாது. துணி ரோலாக வரும், சாயத்துக்குப் போகும், கட்டிங் டேபிளுக்கு வரும். லூப், அதாவது நூல் வளையம், எப்படி உருவாகிறது என்று பார்க்காமலேயே ஒருவர் இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிடலாம். அப்படி இருப்பவர்கள் நிறையப் பேர்.

கையால் ஓட்டும் ஃபிளாட் மெஷின் இதற்கு நேர் எதிர். வகுப்புகளில் நாங்கள் வைத்திருப்பவை பெரும்பாலும் ஜப்பானிய வடிவமைப்பு மெஷின்கள்: பிரதர், சில்வர் ரீட் வகை. ஸ்டாண்டர்ட் கேஜ் என்றால் 200 ஊசி, ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இடைவெளி. ஊசிகளின் மேல் ஓடும் கேரேஜ் என்ற பெட்டியை ஒருமுறை இடமிருந்து வலம் தள்ளினால் ஒரு வரிசை. திரும்ப இழுத்தால் அடுத்த வரிசை. அவ்வளவு மெதுவாக நடப்பதால்தான் பார்க்க முடிகிறது.

முதல் நாள் நான் நூல் கோக்கச் சொல்வதில்லை. கேரேஜைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து ஊசியில் லூப் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு ஊசியையும் விரலால் தள்ளி இழுக்கச் சொல்வேன். ஊசி முன்னால் வரும்போது கொக்கிக்குள் இருக்கும் பழைய லூப், லாட்சை (கொக்கியை மூடித் திறக்கும் சின்னத் தாழ்) திறந்துகொண்டு அதற்குப் பின்னால் ஊசித்தண்டுக்குப் போகும். திறந்த கொக்கியில் புது நூலை வைக்க வேண்டும். ஊசியைப் பின்னால் இழுத்தால் பழைய லூப் லாட்சை மோதி மூடும், மூடிய கொக்கியின் மேலேறிக் கீழே விழும். புது நூல் அதனூடே லூப்பாக வெளியே வந்திருக்கும். இதைப் பத்து ஊசியிலும் செய்து முடிக்க ஆரம்பத்தில் ரொம்ப நேரம் பிடிக்கும். சிலர் முகம் சுளிப்பார்கள். இந்தப் பத்து ஊசியைக் கையால் நகர்த்திப் பார்க்காதவர் துணிக்கு ஸ்பெக் (துணி எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு) எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் எல்லாமே இங்குதான் இருக்கிறது. ஊசியை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறோமோ அவ்வளவு நூல் லூப்புக்குள் போகிறது. கேரேஜின் மேலே 0 முதல் 10 வரை எண் போட்ட டென்ஷன் டயல் அந்தத் தூரத்தைத்தான் மாற்றுகிறது. வட்ட மெஷினில் ஃபிட்டர் ஸ்டிட்ச் கேமை ஏற்றி இறக்கி லூப் லென்த் மாற்றுவதும் இதே வேலைதான். லூப் லென்த் கூடினால் துணி தளர்ந்து ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) குறையும். லூப் லென்த் குறைந்தால் ஜிஎஸ்எம் ஏறும். ஆர்டர் கொடுக்கும் பையர் “10 ஜிஎஸ்எம் ஏற்றிக் கொடுங்கள்” என்று மெயில் அனுப்பும்போது மெஷினில் எது நகர வேண்டும், அதனால் அகலத்துக்கும் சுருக்கத்துக்கும் என்ன ஆகும் என்று, பத்து ஊசியைக் கையால் இழுத்தவருக்குச் சொல்லாமலே தெரியும்.

லாட்ச் ஊசிக்கு 1840களின் கடைசியில் இங்கிலாந்தில் மேத்யூ டவுன்செண்ட் காப்புரிமை வாங்கினார். அதற்கு 250 வருஷம் முன்பே, 1589இல், நாட்டிங்ஹாம்ஷைரில் வில்லியம் லீ காலுறை பின்னும் மெஷினைச் செய்துவிட்டார். அதில் இருந்தது வேறு வகை ஊசி. இன்று திருப்பூரில் ஓடும் வட்ட மெஷினிலும் நம் வகுப்பு மேஜையில் இருக்கும் மெஷினிலும் ஊசியின் அடிப்படை ஒன்றுதான்.

இனி ஸ்வாட்ச், அதாவது அளந்து பார்ப்பதற்காகப் பின்னும் மாதிரித் துண்டு. என் வகுப்பில் முதல் வாரம் முழுக்க இதுதான், உடுப்பு கிடையாது.

60 ஊசி, 60 வரிசை பின்ன வேண்டும். நடுவில் இருக்கும் 40 ஊசியின் இரண்டு ஓரத்திலும் வேறு நிற நூலால் அடையாளம் வைக்க வேண்டும். மெஷினை விட்டு இறக்கியதும் அளக்கக் கூடாது. வெயிட் தொங்கவிட்டுப் பின்னியதால் அது நீளவாக்கில் இழுபட்டிருக்கும். ஒரு இரவு சும்மா கிடக்கட்டும். பிறகு அளந்து எழுதி, அந்த உடுப்பை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவைத்து, காய வைத்து, மறுபடி அளக்க வேண்டும்.

இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். துவைப்பதற்கு முன் 40 ஊசி 14 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 50 சென்டிமீட்டர் அகல முன்பக்கத்துக்கு 143 ஊசி வேண்டும். துவைத்த பிறகு அதே 40 ஊசி 13.4 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இப்போது 143 ஊசியில் கிடைப்பது 48 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. முன்பக்கம், பின்பக்கம் சேர்த்து நெஞ்சளவில் 4 சென்டிமீட்டர் போய்விட்டது. ஏறக்குறைய ஒரு சைஸ். வட்ட நிட்டிங் துணியில் இந்தப் பிரச்சினை வந்தால் பேட்டர்னில் சுருக்கத்துக்கு இடம் விட்டு வெட்டிச் சமாளிக்கலாம். ஃபிளாட் நிட்டிங்கில் துணியும் வடிவமும் சேர்ந்தே பிறக்கின்றன. பின்னி முடித்த பிறகு திருத்த இடமில்லை. பிரித்துத்தான் ஆக வேண்டும்.

நூல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பிள்ளைகள் வீட்டு கோடவுனில் இருந்து பனியனுக்கான மெல்லிய 30 கவுண்ட் காட்டன் நூல் கோன் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 4.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அதை ஒற்றை இழையாகப் போட்டால் கொசுவலை மாதிரிதான் வரும். நிறைய இழைகளைச் சேர்த்து ஓட்ட வேண்டும். தவிரவும் காட்டனுக்கு இழுவை கிடையாது, கை பழகாத நிலையில் ஊசிக்கும் தோளுக்கும் பாரம். முதல் வாரம் கம்பளியோ அக்ரிலிக்கோ போதும். பிறகு காட்டனுக்கு வரலாம்; வரும்போது மெழுகு தடவிய கோனாக இருக்கட்டும்.

ஆனால் அதே 30 கவுண்ட் காட்டனை வைத்து, கை கொஞ்சம் பழகிய பின் ஒரு பாடம் நடத்துவேன். முறுக்கு அதிகமான ஒற்றை நூல்களைச் சேர்த்து சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டில் வரும் சாதாரணப் பின்னல்) பின்னச் சொல்வேன். நேராகப் பின்னிய சதுரம் துவைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். டி-ஷர்ட்டைத் துவைத்ததும் பக்கத் தையல் திரும்பி வயிற்றுக்கு வந்து நிற்கிறதே, அது இதுதான். ஸ்பைராலிட்டி கம்ப்ளெயிண்ட் என்று ஃபைலில் மட்டும் பார்த்தவர்கள், தங்கள் கையால் பின்னிய துணியே கோணும்போதுதான் நூல் முறுக்கைப் பற்றிக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். வட்ட மெஷினில் ஃபீடர் எண்ணிக்கையும் அந்தச் சாய்வைக் கூட்டும் என்பதை அதன்பின் விளக்குவது சுலபம்.

பிக்கேயும் அப்படியே. போலோ டி-ஷர்ட் துணியைத் தினமும் பார்க்கிறோம். பஞ்ச் கார்டு மெஷினில் டக் பட்டனை அழுத்தினால், அட்டையில் துளை இல்லாத இடத்து ஊசிகள் பழைய லூப்பைக் கழற்றாமல் புது நூலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்று விட்டு ஒரு ஊசியில் இப்படிச் செய்து, அடுத்தடுத்த வரிசையில் இடம் மாற்றினால் பிக்கே மாதிரி மேடுபள்ளம் கைக்கு வரும். துணி அகலமாகிக் குட்டையாவதையும் கனம் கூடுவதையும் அப்போதே பார்க்கலாம். அதே நூல், அதே டயல் எண். மாறியது ஊசியின் வேலை மட்டும். ஒரு ஊசியால் செய்ய முடிந்தது மூன்றே மூன்று: பின்னலாம், டக் பிடிக்கலாம், சும்மா விட்டுவிடலாம். ஜெர்சி, பிக்கே, ஜக்கார்டு எல்லாம் இவற்றின் கலவைதான். இதை மனப்பாடம் செய்த மாணவருக்கும் கையால் செய்த மாணவருக்கும் ஆறு மாதம் கழித்துத் தெரியும் வித்தியாசம் எனக்குப் பழக்கமானது.

மெஷினை மதிக்கவும் பழக வேண்டும். கேரேஜ் நடுவில் சிக்கினால் பலம் போட்டுத் தள்ளக் கூடாது. ஊசி வளையும், லாட்ச் கோணும். அதன் பிறகு அந்த ஊசி வரும் இடத்தில் எல்லாம் லூப் விழுந்து ஏணி மாதிரி கோடு இறங்கும். சிக்கினால் கேரேஜை விடுவித்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஊசியாகப் பாருங்கள். ஓரத்தில் வெயிட் போதாமல் லூப் தூக்கியிருக்கும், அல்லது நூல் ஃபீடரில் இல்லாமல் கீழே தொங்கும். பழைய மெஷின் வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் பட்டையை உருவி உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைப் பாருங்கள். அது தட்டையாகி, கறுத்து, பிசுபிசுத்துப் போயிருந்தால் ஊசிகள் மேலே தூக்கும், கேரேஜ் மோதும். நல்ல மெஷினையே பழுது என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஸ்பாஞ்ச் மாற்றினால் பல மெஷின்கள் ஓடிவிடும்.

கேரேஜை மணிக்கட்டால் தள்ளாதீர்கள். உட்காரும் உயரம் சரியாக இருந்து, உடம்போடு சேர்ந்து கை நகர வேண்டும். தீவிரப் பயிற்சியில் நாள் முழுக்க ஓட்டுவதால் இரண்டாம் நாளே தோள் பிடித்துக்கொள்ளும். வலியோடு ஓட்டினால் ஒரு வரிசை வேகமும் அடுத்தது மெதுவுமாகத் துணியில் தெரியும்.

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்பார்கள். ஜப்பானின் ஷிமா செய்கி 1995இலேயே தையலே இல்லாமல் முழு உடுப்பைப் பின்னும் மெஷினைக் காட்டிவிட்டது. ஜெர்மனியின் ஸ்டோலும் அந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் ஃபிளாட் மெஷினில் வேலை வேண்டும் என்றால் அந்த புரோகிராம்களைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே திரையில் வண்ணக் கட்டங்களாக வைப்பதும் பின்னல், டக், விடுதல், லூப் மாற்றல் இவற்றைத்தான். கையில் லூப்பைப் பக்கத்து ஊசிக்கு மாற்றிப் பார்க்காதவர் வரையும் டிசைனில் நூல் அறுந்துபோகும் இடங்கள் இருக்கும். ஆபரேட்டர்தான் உட்கார்ந்து திருத்துவார். முதல் நாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கும் பயிற்சியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஆளுக்கு ஒரு மெஷின் உண்டா? நான்கு பேருக்கு ஒன்று என்றால் நீங்கள் பார்வையாளர்தான். ரிப் (கழுத்து, கை ஓரங்களில் வரும் இழுபடும் பட்டை) பின்ன இரண்டாவது பெட், அதாவது இன்னொரு ஊசி வரிசை, இருக்கிறதா? கழுத்தை லூப்புக்கு லூப் கோக்க லிங்கிங் மெஷின் இருக்கிறதா, இல்லை ஓவர்லாக்கில் அடித்து முடிக்கிறார்களா? ஃபேஷன் ஷோ ஆல்பத்தை நீட்டினால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பழைய மாணவர்களின் ஸ்வாட்ச் ஃபைலைக் கேளுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழும் நூல், இழை எண்ணிக்கை, டயல் எண், எடை, துவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு எழுதியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். எழுதியிருந்தால் ஃபீஸ் கட்டலாம்.